பத்தாவது பம்பு

"இவனுங்களுக்கு எவ்வளவு சொன்னாலும் மண்டையில ஏற மாட்டேங்குது மேடம். இருபத்திரண்டு வருஷமா தொண்டை கிழியக் கத்துறேன். ஒருத்தனுக்காவது ஒரு பம்பைத் திறக்கத் தெரியுதா? நான் என்னதான் பண்றது, சொல்லுங்க."

கேட்டவர் பேராசிரியர் வைரவன். திருநெல்வேலிக்குத் தெற்கே, நான்குவழிச் சாலை ஓரத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் துறைத் தலைவர். பம்பைப் பற்றியே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர்.

அவர் கேட்டது ஜெபராணியிடம். அதே கல்லூரி வொர்க்‌ஷாப்பில் இன்ஸ்ட்ரக்டர். படிப்பு டிப்ளமோ. வயதில் வைரவனைவிடப் பதினைந்து வருஷம் சின்னவர். சம்பளத்தில் எவ்வளவு சின்னவர் என்று கேட்காதீர்கள், எனக்கு ஆத்திரம் வரும்.

ஜெபராணி மேசைமேல் காகிதங்கள் பறக்காமல் இருக்க ஒரு பித்தளை வட்டு வைத்திருந்தார். அதை எடுத்து வைரவன் கையில் கொடுத்தார்.

"இது என்ன சார்?"

"இம்பெல்லர். பம்புக்குள்ள சுத்துற சக்கரம். இதுதான் தண்ணியைத் தூக்கும். ஆறு வேன், அதாவது இதழ். பின்பக்கமா வளைஞ்சது. ஏன் பின்பக்கம்னா..."

"எந்தப் பம்போடது சார்?"

"ஏதோ பழைய பம்பு."

"உங்க லேப்ல இருக்கிற மூணாம் நம்பர் பம்போடது."

வைரவன் சிரித்தார். "விளையாடாதீங்க மேடம். அந்தப் பம்புல போன வாரம்தானே பசங்க எக்ஸ்பெரிமென்ட் பண்ணுனாங்க. ரெக்கார்டுல நான்தானே கையெழுத்துப் போட்டேன்."

ஜெபராணி அலமாரியைத் திறந்தார். ரெக்கார்டு நோட்டுகளை அள்ளி வந்து மேசையில் போட்டார். இந்த வருஷத்து நோட்டு, போன வருஷத்து நோட்டு, அதற்கும் முந்தைய வருஷத்து நோட்டு. எல்லாவற்றிலும் அதே பக்கம். மூணாம் நம்பர் பம்பு. செயல்திறன் அறுபத்திரண்டு சதவீதம்.

எல்லாவற்றிலும் அறுபத்திரண்டு. எல்லாவற்றிலும் பச்சை மையில் வைரவனின் கையெழுத்து.

"இந்தச் சக்கரம் மூணு வருஷமா என் மேசையிலதான் இருக்கு சார்."

வைரவன் நோட்டைப் பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார். மறுபடியும் நோட்டைப் பார்த்தார்.

"அப்போ இவனுங்க ரீடிங் எப்படி எடுத்தானுங்க?"

"சீனியர் ரெக்கார்டைப் பாத்து. சுவிட்சைப் போட்டா மோட்டார் சத்தம் வருதுல்ல சார். சத்தம் கேக்குற வரைக்கும் எழுதுவாங்க. சத்தம் நின்னா எழுதி முடிச்சிருப்பாங்க."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?" வைரவனுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"எழுதிக் குடுத்தேன் சார். மூணு தடவை. நீங்க 'ஆவன செய்யவும்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிட்டீங்க."

அந்தத் தாள்களையும் எடுக்கப் போனார். வைரவன் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

இந்த மனுஷன் ஏன் இத்தனை பதறுகிறார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கோயம்புத்தூர் பம்புக் கம்பெனி ஒன்று வருஷா வருஷம் இந்தக் கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும். எழுத்துப் பரீட்சை கிடையாது. நேர்முகம் கிடையாது. பத்துப் பம்பை லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள். ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே ஒரு கோளாறு செய்து வைத்திருப்பார்கள். முக்கால் மணி நேரம். கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்து தண்ணீர் வரவைக்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

போன வருஷம் ஒரு பம்பிலும் தண்ணீர் வரவில்லை. அதற்கு முந்தின வருஷமும் வரவில்லை.

"உங்க பசங்க பம்பு முன்னால நின்னு ஃபார்முலா சொல்றாங்கங்க," என்றார் கம்பெனி மேனேஜர் ரங்கசாமி. "பம்புக்குக் காது கேக்காதுங்களே."

இனி வரமாட்டோம் என்றும் சொல்லிவிட்டார். வைரவன் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் போய் அவர் முன்னால் நின்று மன்றாடினார். வரும் பதினாறாம் தேதி கடைசியாக ஒருமுறை வருவதாக ரங்கசாமி இறங்கி வந்தார். ஒரு நிபந்தனை.

"ஒன்பது பம்பு பசங்களுக்குங்க. பத்தாவது பம்பு உங்களுக்கு. மொத்தத்துல ஆறு பம்புல தண்ணி வந்தா ஆள் எடுக்கறோம். வரலைன்னா இந்தப் பக்கம் எங்க வண்டி திரும்பாதுங்க."

அந்தக் கம்பெனியும் போய்விட்டால் மெக்கானிக்கல் படிக்க ஒரு பிள்ளையும் சேராது. ஜூனில் துறையை மூடிவிடலாம் என்று நிர்வாகம் ஏற்கெனவே பேசி வைத்திருந்தது. நூற்றுச் சொச்சம் பிள்ளைகளை வேறு கல்லூரிக்கு அனுப்பிவிடுவார்கள். வைரவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஜெபராணியையும்தான்.

பத்தாவது பம்பைப் பற்றி வைரவன் யாரிடமும் மூச்சு விடவில்லை. எனக்கென்ன, பம்பிலேயே டாக்டர் பட்டம் வாங்கியவன் என்று இருந்தார். கவலையெல்லாம் அந்த ஒன்பதைப் பற்றித்தான்.

"இன்னும் இருபது நாள் இருக்கு மேடம். இவங்களை உங்க கையில விடுறேன். எப்படியாவது தேத்திக் குடுங்க."

"சரி சார். நீங்களும் வரலாம். ஆனா பேசக் கூடாது."

"பேசக் கூடாதா? நானா?"

ஜெபராணி எழுந்து காகிதங்களின் மேல் சக்கரத்தைத் திருப்பி வைத்தார். பேச்சு அத்தோடு முடிந்தது.

மறுநாள் காலை, பரீட்சைக்குத் தேர்ந்தெடுத்த ஒன்பது பேரும் வொர்க்‌ஷாப்பில் நின்றார்கள். ஜெபராணி மூன்று பழுதான பம்புகளைக் காட்டினார். மூன்று பேருக்கு ஒன்று.

"திறந்து, சரி பண்ணி, மூடி, தண்ணி எடுங்க."

சொல்லிவிட்டு ஒரு ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார். பாடம் முடிந்தது.

வைரவன் வாசலில் நின்றார். நிற்க முடிந்தால்தானே! இசக்கிராஜா என்ற பையன் ஒரு போல்ட்டுக்கு ஸ்பேனர் தேடினான். பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தான், பெரிதாக இருந்தது. இன்னொன்றை எடுத்தான், சின்னதாக இருந்தது. மூன்றாவதும் சேரவில்லை. வைரவன் வாசலைத் தாண்டி ஒரு அடி வைத்தார்.

"பதினேழாம் நம்பர் ஸ்பேனர்ப்பா! எத்தனை நேரம்!"

ஜெபராணி எழுந்தார். நிதானமாக நடந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

"எல்லாரும் கழட்டினதைப் பழையபடி மாட்டுங்க. மறுபடியும் முதல்லேருந்து."

"மேடம், நான் சும்மா ஒரு நம்பர்தானே..."

ஜெபராணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளைகள் மூன்று பம்பையும் மூடினார்கள். மறுபடி திறந்தார்கள்.

மத்தியானம் இசக்கிராஜாவின் கூட்டம் உள்ளே சக்கரம் வரைக்கும் போய்விட்டது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டைக் கழற்ற வேண்டும். அந்த நட் மற்ற நட்டைப் போல இல்லை. எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஒருத்தன் சுற்றினான், வரவில்லை. இருவர் சேர்ந்து சுற்றினார்கள், இன்னும் இறுகியது. ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி மூன்று பேரும் தொங்கினார்கள்.

வைரவன் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கொடுமையைக் காதால் கேட்கவும் முடியவில்லை.

"அடப்பாவிகளா! எதிர்ப்பக்கம் சுத்துங்கடா!"

மெயின் சுவிட்ச் அணைந்தது.

"மறுபடியும் முதல்லேருந்து."

இசக்கிராஜா கையில் இருந்த குழாயைக் கீழே வைத்தான். நேரே வாசலுக்கு வந்தான்.

"சார், ஒங்க கால்ல வேணும்னாலும் விழுதேன் சார். கொஞ்சம் கேன்டீன் பக்கம் போயி காப்பி குடிச்சிட்டு வாங்க சார்."

"ஏன்டா, உனக்கு நல்லதுதானேடா சொன்னேன்!"

"நல்லதுதான் சார். காலையிலேருந்து நாலு தடவை நல்லது சொல்லிட்டீங்க."

பின்னால் எவனோ சிரித்தான். வைரவன் காப்பி குடிக்கப் போனார். காப்பி இறங்கவில்லை.

சாயங்காலம் ஜெபராணியைப் பிடித்துக்கொண்டார்.

"இது என்ன கூத்து மேடம்? இருக்கிறது இருபது நாள். ஒரு வார்த்தை சொன்னா ஒரு மணி நேரம் மிச்சம்."

"யாருக்கு மிச்சம் சார்?"

"யாருக்குன்னா? அவங்களுக்குத்தான்."

"பதினாறாம் தேதி நீங்க அவங்க பக்கத்துல நிப்பீங்களா?"

"அதெப்படி நிக்க விடுவாங்க?"

ஜெபராணி கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். வைரவனுக்கு வந்த கோபத்தில் இந்த அம்மாவை வேறு துறைக்கு மாற்றச் சொல்லி அன்றைக்கே முதல்வருக்குக் கடிதம் எழுதினார். எழுதி, படித்துப் பார்த்து, கிழித்துப் போட்டார். அவர் போய்விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

இப்படியே நான்கு நாள் போனது. வைரவன் ஒவ்வொரு நாளும் வாயைத் திறக்கக் கூடாது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் வருவார். பத்து மணிக்குள் திறந்துவிடுவார். பிள்ளைகள் மூடுவார்கள், திறப்பார்கள். ஒரு பம்பைத் திறந்து மூடுவது அவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போடுவது மாதிரி ஆகிவிட்டது. அது வைரவன் கண்ணில் படவில்லை. தண்ணீர் வரவில்லை என்பது மட்டும்தான் பட்டது.

ஐந்தாம் நாள் அவர் உள்ளே வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே, வேப்பமர நிழலில் நின்றுகொண்டார். கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். படித்த மனுஷன், துறைத் தலைவர், மாணவிகள் விடுதிக்குப் போகிற வழியில் இப்படியா நிற்பது! அவருக்கே வெட்கமாகத்தான் இருந்தது.

உள்ளே மறுபடியும் அந்த எதிர்ப்பக்க நட்டின் முறை வந்தது. இந்த முறை ஷாஹிரா என்ற பெண்ணின் பம்பில். முதல் நாள் அவர் கத்தினாரே, அது இவள் கூட்டத்துக்கு எட்டவேயில்லை. பக்கத்திலிருந்த மோட்டார் சத்தத்தில் அமுங்கிப்போயிருந்தது.

ஷாஹிரா சுற்றினாள். வரவில்லை. மறுபடி சுற்றப் போனவள் நிறுத்தினாள். நட்டைக் குனிந்து பார்த்தாள். பம்பின் உடம்பில் ஓர் அம்புக்குறி வார்க்கப்பட்டிருந்தது. அதில் விரலை வைத்துச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏய், பம்பு இந்தப் பக்கம்தான சுத்துது?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அப்ப நட்டு சாதாரண மரையா இருந்தா ஓட ஓடக் கழண்டுராதா? இறுகணும்னா மரை மாறித்தான் வெட்டியிருக்கணும்."

ஸ்பேனரை எதிர்ப்பக்கம் வைத்து ஒரு தட்டுத் தட்டினாள். நட் கழன்றது.

ஜன்னலுக்கு வெளியே வைரவன் கைக்குட்டையை எடுத்தார். அந்த நட் எதிர்ப்பக்கம் கழலும் என்று அவருக்குத் தெரியும். புத்தகத்தில் போட்டிருந்தது. ஏன் என்று இருபத்திரண்டு வருஷத்தில் அவர் யோசித்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை. கேட்க விட்டிருந்தால்தானே கேட்பார்கள்.

அன்று சாயங்காலம் மூன்று பம்பில் ஒன்றில் தண்ணீர் வந்தது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் எதிர்க் கட்டடத்து வகுப்பு நின்றுபோனது.

பதினேழாம் நாள் வைரவன் ஜெபராணியின் மேசைக்கு வந்தார்.

"பன்னிரண்டு நாளா வாயைத் திறக்கலை மேடம். பேசாம இருக்கப் பழகிட்டேன்."

"பழகல சார். பல்லைக் கடிச்சிட்டு நிக்கிறீங்க."

வைரவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். பிள்ளைகள் யாரும் இல்லை.

"ஒரு விஷயம் சொல்லணும். பத்தாவது பம்பு எனக்கு."

நிபந்தனையைச் சொன்னார். ஜெபராணி கேட்டுக்கொண்டார்.

"எப்பவாவது பம்பைத் திறந்திருக்கீங்களா சார்?"

"படம் வரைஞ்சிருக்கேன். குறுக்குவெட்டு, நெடுக்குவெட்டு, ரெண்டும். கண்ணை மூடிக்கிட்டு வரைவேன்."

"திறந்திருக்கீங்களா?"

வைரவன் தலையைக் குனிந்துகொண்டார். படிக்கும்போது ஐந்து பேருக்கு ஒரு பம்பு. வீட்டில் டிராக்டர் இருந்த பையன் ஒருத்தன் இருந்தான். அவன் திறப்பான். மற்ற நான்கு பேர் எழுதிக்கொள்வார்கள். வைரவனுக்குக் கையெழுத்து அழகாக இருந்ததால் எழுதுவதை எப்போதும் அவரிடம் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் ஆராய்ச்சி, அது கம்ப்யூட்டரில். அப்புறம் வகுப்பு, அது கரும்பலகையில்.

"இல்லை," என்றார்.

ஜெபராணி எழுந்து போய் ஒரு பம்பைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்பேனர் பெட்டியை அவர் காலடியில் வைத்தார்.

"எந்த ஸ்பேனர் மேடம்?"

ஜெபராணி ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"என்கிட்டயுமா? நான் உங்க ஹெச்.ஓ.டி.!"

ஜெபராணி கடிகாரத்தைப் பார்த்தார்.

வைரவன் பெட்டிக்குள் கையை விட்டார். முதல் ஸ்பேனர் பெரிது. இரண்டாவது சின்னது. மூன்றாவதும் சேரவில்லை. ஏழாவதில் பிடித்தது. மேலே நம்பரைப் பார்த்தார். பத்தொன்பது. பதினேழு என்று அன்றைக்கு அத்தனை சத்தமாகக் கத்தியது நினைவுக்கு வந்தது. அது வேறு பம்பு, வேறு போல்ட் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும் நம்பிக்கை வரவில்லை. அன்றைக்குச் சொன்னதும் சரிதானா என்று யாருக்குத் தெரியும்?

மூன்று நாளில் அந்தப் பம்பைப் பதினோரு தடவை திறந்து மூடினார். முதல் தடவை நான்கு மணி நேரம் ஆனது. மூடியபின் இரண்டு வாஷர் கீழே மிஞ்சியிருந்தன. இரண்டாம் தடவை விரல் நசுங்கியது. வெள்ளைச் சட்டையில் கிரீஸ். வீட்டில் மனைவி மீனாட்சி ஆச்சி, "என்ன, மெக்கானிக் கடையில வேலைக்குச் சேந்தாச்சா?" என்று கேட்டார். "சேத்துக்கிட்டா சரி," என்றார் வைரவன்.

ஒருமுறை எரிச்சல் தலைக்கேறி ஸ்பேனரைச் சுவரில் விட்டெறிந்தார். ஜெபராணி பார்த்தார். வைரவனே போய் எடுத்து வந்தார்.

பதினாறாம் தேதி காலை லாரி வந்தது. ரங்கசாமி முன்னால் ஜீப்பில் வந்து இறங்கினார். வொர்க்‌ஷாப்புக்கு வெளியே, கொட்டகையில் பத்துப் பம்பு வரிசையாக இறங்கியது. பத்துக்கும் பக்கத்தில் தண்ணீர் டிரம். ஒவ்வொரு பம்பிலிருந்தும் உறிஞ்சு குழாய் டிரம்முக்குள் இறங்கியது.

நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மெக்கானிக்கல் பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"ஒன்பது பேரும் வாங்க கண்ணுங்களா," என்றார் ரங்கசாமி. "சார், நீங்களும் வாங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பத்தாவது பம்பின் முன்னால் துறைத் தலைவர் போய் நிற்பதை அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள். இசக்கிராஜா வாயைப் பிளந்தான்.

"எல, நம்ம சாரா?"

விசில் ஊதியது.

வைரவன் பக்கத்தில் யாரையும் பார்க்கவில்லை. பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவோமோ என்று பயம். தன் பம்பில் தண்ணீர் ஊற்றி நிரப்பினார். சுவிட்சைப் போட்டார். மோட்டார் சுற்றியது. தண்ணீர் குபுக்கென்று வந்தது.

கூட்டம் கைதட்டியது. தட்டி முடிப்பதற்குள் தண்ணீர் நூலாகிவிட்டது. அப்புறம் ஒரு இருமல். அப்புறம் வெறும் காற்று.

மறுபடி நிரப்பினார். மறுபடி குபுக். மறுபடி காற்று.

திறந்தார். சக்கரம் சரியாக இருந்தது. அடைப்பு ஒன்றும் இல்லை. மூடினார். சுற்றும் திசை சரி. டிரம்முக்குள் கையை விட்டுக் குழாய் நுனியிலிருந்த அடிவால்வைப் பார்த்தார், அதுவும் சரி. நிரப்பினார். காற்று.

இதற்குள் பதினைந்து நிமிடம் போய்விட்டது. ஷாஹிராவின் பம்பில் முதலில் தண்ணீர் வந்தது. வால்வில் ஒரு கூழாங்கல் இருந்ததாம். அடுத்து இன்னும் இரண்டு பையன்கள். இசக்கிராஜாவின் பம்புக்குள்ளிருந்து ஒரு முழ நீளத்துக்குக் கந்தல் துணி வந்தது. அவனுடையதிலும் தண்ணீர். நான்கு. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் ஐந்து.

மற்ற நான்கு பேருக்கு வரவில்லை. ஒருத்தன் மோட்டாரையே எரித்துவிட்டு அழுதுகொண்டு உட்கார்ந்துவிட்டான். மூன்று பேர் கையை விரித்துவிட்டார்கள்.

ஐந்து பம்பு. வேண்டியது ஆறு.

எல்லாத் தலையும் பத்தாவது பம்பின் பக்கம் திரும்பியது. நாற்காலியிலிருந்த நிர்வாகத்துக்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜெபராணி தூணில் சாய்ந்து நின்றார்.

கோளாறு என்ன வகை என்று வைரவனுக்குத் தெரியாமல் இல்லை. உறிஞ்சு குழாயில் எங்கேயோ காற்று உள்ளே போகிறது. அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு, அதனால் தண்ணீர் வெளியே கசியாது, காற்று உள்ளே நுழையும். இதை அவர் வருஷத்துக்கு இரண்டு தடவை கரும்பலகையில் நிரூபித்திருக்கிறார். எந்த இடம் என்பதுதான் கேள்வி. கரும்பலகையில் எந்த இடமும் கிடையாது. இந்தக் குழாயில் நான்கு மூட்டு, மூன்று வளைவு. எல்லாம் அவரே சிந்திய தண்ணீரில் நனைந்து கிடந்தது. ஓட்டை எங்கே என்று எப்படித் தெரியும்?

ஓடுகிற பம்பின் பக்கத்தில் மண்டி போட்டார். கண்ணால் பார்த்துப் பயனில்லை. கையை டிரம்மில் நனைத்தார். ஈரக் கையை முதல் மூட்டைச் சுற்றிக் கொண்டுபோனார். ஒன்றுமில்லை. இரண்டாவது. ஒன்றுமில்லை. யாரும் அவருக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஏன் செய்கிறார் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை.

"நாலு நிமிஷம்ங்க," என்றார் ரங்கசாமி.

மூன்றாவது மூட்டின் அடிப்பக்கத்தில், சுண்டுவிரல் ஓரமாக, என்னமோ ஜில்லென்றது. நிஜமா? பிரமையா? காற்றடித்திருக்குமோ? கையை எடுத்துவிட்டார்.

ரங்கசாமிக்கே பொறுக்கவில்லை. நல்ல மனுஷன். வந்த தூரத்தையும் சுற்றி நிற்கிற பிள்ளைகள் முகத்தையும் பார்த்தார்.

"சார், நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்லைங்க. தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா சாருக்குச் சொல்லுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். தண்ணி வந்தாப் போதும்."

அவ்வளவுதான். ஷாஹிரா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து வந்தாள். கோளாறு எங்கே என்று அவளுக்குத் தெரியும். அவர் இத்தனை நேரமாகத் தடவுவதைப் பார்த்து அவளுக்கு உயிரே போய்விட்டது. வைரவனின் தோளுக்கு மேல் குனிந்தாள், விரலை நீட்டினாள்.

"சார், அது வந்து, அந்த—"

"சொல்லாதே!"

கொட்டகையே அதிர்ந்தது. வைரவன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை மறுபடி டிரம்மில் முக்கி, அதே மூன்றாவது மூட்டின் அடியில் வைத்தார்.

"சொல்லாதேம்மா, தயவுசெய்து. இங்கதான். இங்கதான் எங்கயோ இழுக்குது."